புனிதச் சுனையும் பாலியஸ்டர் துண்டும்

1

இந்த நாட்டில் ஐந்து ஆண்டு குப்பை கொட்டியவர்கள், இனிமேல் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். அதற்கு முன்னால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். நாற்பத்தேழு வயதில், ஆறு பெண்டாட்டி கட்டிய ஒரு ராஜாவின் மனைவிமார் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தேன். வேல்ஸைப் பற்றி அந்தப் பரீட்சைப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருந்தது. தேசிய மலர் டாஃபடில், காவல் மகானின் திருநாள் மார்ச் முதல் தேதி, கொடியில் சிவப்பு டிராகன். அவ்வளவையும் படித்து, என் மனைவி ரேவதியும் நானும் முதல் தடவையிலேயே பாஸ் செய்தோம்.

ஆனால் வேல்ஸில் குடியிருக்கிறவன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை அந்தப் புத்தகம் சொல்லவில்லை. அது தெரியாமல் நான் செய்த அசட்டுத்தனத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எழுதச் சொன்னது என் அக்கா அமுதா. "ஊருக்கே தெரியட்டும்டா, என் தம்பி எம்மாம் பெரிய அறிவாளின்னு" என்றாள். தெரியட்டும்.

2

நாங்கள் இருப்பது வட வேல்ஸில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். சிலேட்டுக் கல் வெட்டி எடுத்த மலைகள். வீட்டுக் கூரை சிலேட்டு, வேலி சிலேட்டு, கல்லறைக் கல்லும் சிலேட்டு. மழை பெய்தால் எல்லாமே கறுத்துப் பளபளக்கும், மழையும் அநேகமாகப் பெய்துகொண்டேதான் இருக்கும். வந்த முதல் மாதம் நான் குடை வாங்கினேன். காற்று அதை மூன்றே நாளில் முறித்துப் போட்டது. உள்ளூர்க்காரர்கள் ஏன் குடையே பிடிப்பதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

எங்கள் ஊரின் பெயர் 'லான்' என்று தொடங்கும். அந்த முதல் எழுத்தை எல்லாராலும் சொல்லிவிட முடியாது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். இங்கே எங்கு திரும்பினாலும் லான்தான். மேப்பைப் பார்த்துவிட்டு ரேவதியிடம், "இவங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. ஆயிரத்து நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாமியாரோ சாமியாரம்மாவோ வந்து, ஒரு சுனைக்குப் பக்கத்தில் குடிசை போட்டு, சுற்றி வேலி கட்டிக்கொண்டு தவத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வேலிக்குள் இருந்த இடம்தான் லான். பின்னால் அங்கே கோயில் வந்தது, கோயிலைச் சுற்றி ஊர் வந்தது. லானுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தச் சாமியாரின் பெயர்.

இவர்களில் பலருக்கு ரோமாபுரிப் போப்பின் அங்கீகாரமெல்லாம் கிடையாது. அடுத்த பள்ளத்தாக்கில் கேட்டால் அவரைத் தெரியாது என்பார்கள். எனக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபட்டது. அசோக் நகரில் எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கும் தலபுராணம் கிடையாது. பக்கத்துத் தெருக்காரர்கள் அவரை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு அவர்கள் தெருப் பிள்ளையார் இருக்கிறார்.

மேற்கே கடலுக்குள் ஒரு தீவு இருக்கிறது. இருபதாயிரம் மகான்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள் என்பது ஐதீகம். அந்தத் தீவுக்கு மூன்று தடவை யாத்திரை போனால் ரோமுக்கு ஒரு தடவை போன புண்ணியம் என்று முற்காலத்தில் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் வளர்ந்தவன் நான், இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமையல்காரன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனி கேண்டீனில் மேற்பார்வை பார்த்தவன் இங்கே ஆட்டுக்கறி சூப்பில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் தண்டு நறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரேவதி பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் நாங்கள் வந்தோம், விசாவில் நான் அவளைச் சார்ந்தவன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் இல்லத்தில் ஞாபகம் தவறிப் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து முதலில் போவது ஆங்கிலம். கடைசியில் சின்ன வயதில் வீட்டில் பேசிய வெல்ஷ் மட்டும்தான் நிற்கிறது. அதனால் சூடு, உப்பு, இன்னும் கொஞ்சம், போதுமா என்று ஒரு இருபது வெல்ஷ் வார்த்தை நானும் கற்றுக்கொண்டேன். என் மகள் கயலுக்குப் பதின்மூன்று வயது. வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். என் உச்சரிப்பைக் கேட்டால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அவள் தமிழைக் கேட்டு நான் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். வீடியோ காலில் அத்தைக்கு ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

ஒருநாள் அவளே ஒரு செய்தி சொன்னாள். அந்தக் காலத்தில் இங்கே பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை வெல்ஷ் பேசினாலும் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்களாம். அடுத்து எவன் வாயிலிருந்து வெல்ஷ் வருகிறதோ அவன் கழுத்துக்கு அது மாறும். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. "ஸோ அன்ஃபேர், இல்லப்பா?" என்றாள் கயல். ஆமாம் என்றேன். அவள் தமிழைப் பற்றி அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

3

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தி. நகரில் ஒரு புடவைக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் விற்பனைப் பெண்ணாக நின்றவள், இன்னும் நிற்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து இது என்ன துணி, எத்தனை கலப்பு என்று சொல்லிவிடுவாள். எனக்கோ துணி என்றால் துணி, அவ்வளவுதான். அவள் கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி எடுக்கப் போய் நான் எதை வாங்கி வந்தேன் என்பதை இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அத்தான் போன பிறகு அசோக் நகரில், இரண்டாவது மாடியில், தனியாக இருக்கிறாள். தனியாக இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மதிய இடைவேளை அவளுக்குச் சாயங்காலம். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை என்பதால் அன்று நிதானமாகப் பேசுவோம். விண்ணப்பம் அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்த ஒரு புதன்கிழமை, போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் திருப்பியபோது பார்த்தேன்.

"கழுத்துல இன்னாக்கா அது?"

"எது? கொசு கடிச்சிக்கீது."

"கொசு எலுமிச்சங்கா சைஸுக்கா கடிக்கும்? கேமராவ கிட்ட கொண்டா."

கொண்டுவரவில்லை. அதட்டிக் கேட்ட பிறகு விஷயம் வந்தது. தைராய்டில் கட்டி. டாக்டரிடம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்ல முடியும் என்றிருக்கிறார் டாக்டர்.

"எப்போ போற?"

"நீ வா, பாத்துக்கலாம்."

"நான் வர்றதுக்கும் ஊசிக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"சம்பந்தம் கீது. நீ வா."

வழக்கமாக அவளிடம் காரணம் கேட்டால் பத்து காரணம் வரும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. பயந்திருக்கிறாள் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் அம்மாவின் கடைசிக் காலமும் ஓர் ஊசிச் சோதனையில்தான் தொடங்கியது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

4

போக முடியாது என்பதுதான் பிரச்சினை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், அதை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதிவிடுவார்கள். முடிவு வர ஆறு மாதம்கூட ஆகலாம். விரைவு வரிசை ஒன்று உண்டு, அதில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. குடிவரவு அலுவலகத்துக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் சங்கீதம் கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்கள் சகோதரிக்காக வருந்துகிறேன். ஆனால் பயணம் செய்தால் விண்ணப்பம் முடிவுக்கு வந்துவிடும்" என்றாள்.

"அவசரம் என்றாலுமா?"

"நான் விதியைத்தான் சொல்ல முடியும், சார்." மரியாதையாகத்தான் பேசினாள். சண்டை போடக்கூட வழி வைக்கவில்லை.

என்னோடு சமையலறையில் வேலை செய்கிற கேரிஸ் இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். இந்த வடக்குப் பக்கத்தில் ஒருகாலத்தில் சாபச் சுனை ஒன்று இருந்ததாம். பிடிக்காத ஆளின் பெயரைச் சிலேட்டுத் துண்டில் கீறி உள்ளே போட்டால் போதுமாம். போனில் பேசிய பெண்ணிடம் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்றேன். கேரிஸ் சிரித்துவிட்டு, "கோயிலுக்குப் பின்னால் மேலே இருப்பது நோய் தீர்க்கிற சுனை, அதைப் போய்ப் பார்" என்றாள்.

வேலை முடிந்து போனேன். பழைய கோயிலின் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, ஆட்டுப் பாதையில் கால் மணி நேரம் ஏற வேண்டும். நான்கு பக்கமும் சிலேட்டுப் பலகை வைத்துக் கட்டிய, முழங்கால் ஆழத்துக்கு ஒரு தொட்டி. அதில் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த முள்மரம். அதன் கிளைகள் முழுக்கத் துணிக் கிழிசல்கள். அந்த ஆறு பெண்டாட்டி ராஜா ரோமாபுரியோடு முறைத்துக்கொண்ட காலத்தில் யாத்திரையை எல்லாம் தடை செய்து, சிலைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். பிறகு வந்த பிரசங்கிமார்கள் இதெல்லாம் மூடத்தனம் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு யாரோ வந்து கட்டிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பத்தாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அக்கா திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய் மரத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். நான் கூடவே நின்று கேலி செய்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கி, "அவுந்துச்சுனா வேண்டுதலும் அவுந்துடும்டா" என்றாள். அந்த வாக்கியம் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

வீட்டில் அக்காவின் புடவைத் துண்டு ஒன்று இருந்தது. போன வருடம் அவள் அனுப்பிய ஆவக்காய் பாட்டிலைச் சுற்றி வந்தது. இளஞ்சிவப்பில் ஊதாப் பூ. அந்தப் புடவையில் அவளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மறுநாள் அதில் ஒரு முழம் எடுத்தேன். கிழிக்கப் பார்த்தால் கிழியவில்லை. நல்ல கெட்டித் துணி என்று எனக்குச் சந்தோஷம். கத்தரிக்கோலால் வெட்டி, சுனைத் தண்ணீரில் நனைத்து, முள்மரத்தில் மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மரமும் ஒரு வேண்டுதலும் இருந்தால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு தமிழனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டிய விஷயமா?

வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை. இந்தச் சுனைக்குரிய சாமியாரம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடைசியில், "அக்காவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

5

இரண்டு மாதம் போனது. அக்கா ஊசிக்கு அசையவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் நான் கேட்பேன், அவள் "நீ வா" என்பாள். கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். ரேவதியும் நர்ஸ் பாஷையில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "சரிம்மா, உன் புருசன் வரட்டும்" என்று அவளுக்கும் அதே பதில்.

டிசம்பர் தொடக்கத்தில் கயல் பள்ளிக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்தாள். தலைப்பு, நம் ஊர்ச் சுனை. அட்டையில் படம் ஒட்டிக்கொண்டே என்னிடம் படித்துக் காட்டினாள். நோயாளியின் துணியை நனைத்து மரத்தில் கட்டுவார்கள் என்பது வரைக்கும் நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

"அப்புறம் அந்த கிளாத் ராட் ஆகணும்ப்பா."

"இன்னா ஆகணும்?"

"மக்கிப் போகணும். மழைல, காத்துல. கிளாத் மக்க மக்க நோயும் போயிடும். அதனாலதான் உல்லன் கிளாத் கட்டுவாங்க. சில பேர் இப்ப பிளாஸ்டிக் மாதிரி துணி கட்டிடறாங்க, அது போகவே போகாது. ட்ரீக்கும் கெடுதல்." அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பள்ளியிலிருந்து அழைத்துப் போனபோது அவளே எடுத்த படம். சாம்பல் நிறக் கந்தல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பில் ஒரு துண்டு, ஊதாப் பூவோடு, கடையில் இருந்து அப்போதுதான் எடுத்துப் பிரித்த மாதிரி இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில், 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாள்.

மறுநாள் மழையிலேயே ஏறினேன். அது அங்கேயே இருந்தது. ஒரு நூல் பிரியவில்லை, ஒரு பூ வெளுக்கவில்லை. மற்றவர்கள் கட்டியதெல்லாம் நைந்து தொங்க, என் அக்காவின் நோயை மட்டும் நான் இறுக்கி முடிச்சுப் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தேன். நம்பிக்கை இல்லாதவன்தான் நான். ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட்டு இறங்க மனசு வரவில்லை. அவிழ்க்கலாம் என்று பார்த்தால், கட்டிய துணியை எவன் எடுக்கிறானோ அவனுக்கு அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கேரிஸ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒட்டட்டும் என்று முடிச்சில் கை வைத்தேன். மழையில் இறுகிப்போன முடிச்சு, நகம்தான் பெயர்ந்தது. அங்கேயே நின்று அழுதேன். அழுததை மறைப்பதற்கு வேல்ஸ் மழை வசதியானது.

6

அடுத்த புதன்கிழமை அக்காவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, உன் பழைய காட்டன் பொடவ ஒண்ணு அனுப்பேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா. கிச்சன்ல துடைக்க."

"டேய், பொய் சொன்னா உன் மூக்கு மேல போவும், தெரியுமில்ல? இன்னா விசயம்?"

பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவளிடம் எதை மறைக்க? சுனை, மரம், மூன்று முடிச்சு, கயலின் ப்ராஜெக்ட் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எந்தப் பொடவடா?"

"பிங்க். ஊதாப் பூ. ஊறுகா பாட்டில் சுத்தி அனுப்புனியே."

"அதயா?" குரல் உயர்ந்தது. "அடப்பாவி! அது பாலியஸ்டர்டா! கிழிச்சுப் பாத்திருப்பியே, கிழிஞ்சிச்சா? அப்பவே தெரிய வாணாம்? நான் கட்னது நூல் கயிறுடா திருவான்மியூர்ல. நீ பாலியஸ்டர போய் மரத்துல கட்டிக்கீற. நானு செத்து, நீ செத்து, உன் பொண்ணு பேரன் பேத்தி எடுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும்!"

"தெரியாம பண்ட்டேன்க்கா."

"உனுக்கு இன்னாதான் தெரியும்? பட்டுவேட்டின்னு ரேயான வாங்கியாந்தவன்தான நீ?" என்று தொடங்கியவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பாகவே இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "இன்னா அமுதாம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்டது. எதிர் வீட்டு நூர்ஜஹான் அக்கா. ரவிக்கை தைப்பவர், பரம்பரையாகத் தையல்காரக் குடும்பம்.

"ஒண்ணியும் இல்ல நூரு. என் தம்பி எனுக்காக ஒரு மரத்துல பாலியஸ்டர கட்டி வெச்சிக்கீறான். அது மக்குனாதான் எனுக்கு சரியாவுமாம்."

"யா அல்லா" என்றார் நூர்ஜஹான் அக்கா. "அப்ப உனுக்கு சரியாவறதுக்கு இருநூறு வருசம் ஆவுமே."

அக்கா போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். இத்தனை வாரத்தில் முதல் முறையாகக் கழுத்து முழுசாகத் தெரிந்தது.

"அம்மாம் நாளு என்னால காத்துக்கினு இருக்க முடியாதுடா. நாளைக்கே ஊசி போட்டுக்குறேன். நீ அந்த மரத்தாண்ட போவாத. இன்னும் எதயாவது கட்டி வெப்ப." வைத்துவிட்டாள்.

7

ஊசி போட்டதிலிருந்து முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் நான் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், ஒரு தடவை போடவே இல்லை. முதியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அக்கா அந்த மரத்தாண்ட போகாதே என்று சொல்லியும் ஒருநாள் போனேன். கேரிஸ்தான் கூட வந்தாள், ஆட்டுரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரியோடு.

"கட்டியவனே எடுத்தால் பரவாயில்லையா?" என்று அவளிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? என் அம்மா ஒன்று சொல்வாள், என் அத்தை வேறு சொல்வாள். இதற்கெல்லாம் புத்தகமா இருக்கிறது? முதலில் மரத்துக்கு வலிக்காமல் எடு." ஒரே வெட்டு. துண்டை நானே பையில் வைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு. விரலை வைத்து அழுத்தவே தைரியம் வரவில்லை. கேரிஸ் அழுத்தினாள்.

"டேய் குமாரு. ஒண்ணியும் இல்லியாம். கெட்டது இல்லியாம். ஆறு மாசத்துக்கு ஒருதபா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கினா போதுமாம். நல்லா துன்னு, நல்லா தூங்கு."

கேரிஸுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். எதிரே மலை, அதன்மேல் ஆடுகள், அதற்கு மேல் வழக்கமான மழை. ஐந்து வருடத்தில் அந்த ஊர் எனக்கு அவ்வளவு அழகாக ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த நிமிஷம் சாபச் சுனை எதிரே இருந்திருந்தால், அந்த அலுவலகத்துப் பெண்ணின் பெயரை யாராவது கீறிப் போட்டிருந்தால் அந்தச் சிலேட்டைக்கூட வெளியே எடுத்திருப்பேன்.

8

பிப்ரவரி கடைசியில் அனுமதி மின்னஞ்சலில் வந்தது. நான்கு வரி, அவ்வளவுதான். ஈஸ்டர் விடுமுறைக்குக் கயலையும் கூட்டிக்கொண்டு சென்னை போனேன். ரேவதிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். டிரைவர், "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க நைனா?" என்று கேட்டார். வேல்ஸ் என்றேன். "அது எங்க கீது, துபாய் பக்கமா?" ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, அக்காவைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் கழுத்தைத்தான் முதலில் நீட்டிக் காட்டினாள். கை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது, எலுமிச்சங்காய் மாதிரி, உருண்டையாக. ஒன்றும் இல்லாத ஒரு கட்டி. கயலைக் கட்டிக்கொண்டு அவள் போட்டிருந்த டீ-ஷர்ட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இது நல்ல காட்டன். நீயாவது பொழச்சுக்குவ" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா ஆஸ்பத்திரி ஃபைலை என் மடியில் போட்டாள். ஸ்கேன் படம், ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது கயல் வாங்கிப் புரட்டினாள். ஊசிக்கு முன்னால் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் அவள் விரல் நின்றது.

"அப்பா, இங்க பாருங்க. பேஷண்டுக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கு. சிஸ்டர்னு போட்டிருக்காங்க. நூர்ஜஹான்." நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இன்னொரு அத்தை இருக்காங்களா?"

அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, "கீறா. எதிர் வூட்ல" என்றாள்.

நூர்ஜஹான் அக்கா அதே நேரத்தில் பாயசத்தோடு உள்ளே வந்தார். ஃபைலைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். "இன்னா பண்றது தம்பி. கூடப் பொறந்தவங்கதான் கையெழுத்து போடணும்னு அந்த நர்ஸு புடிவாதம் புடிச்சா. இவ நீ வந்தாதான்னு மொறச்சுக்கினு இருந்தா. நீ பாலியஸ்டர் கட்னத சொன்ன அன்னிக்குதான் ஒரு வழியா எந்திரிச்சா. அப்புறம் நான் போட்டேன். தப்பா?"

"தப்பில்லக்கா" என்றேன்.

ஐந்து ஆண்டாக, மழை பெய்கிற ஒவ்வொரு காலையிலும், அக்கா அங்கே தனியாக இருக்கிறாள் என்ற நினைப்போடுதான் நான் வேலைக்குப் போனேன். அந்த நினைப்பு எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. இங்கே இருந்த இரண்டு பேருக்கும் அப்படி ஒரு எண்ணமே இல்லை. முதலில் கொஞ்சம் வலித்தது, மறைக்க விரும்பவில்லை. பிறகு மார்பிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. ஊசி முடிவு வந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விடவில்லை.

கயல் எழுந்து போய் நூர்ஜஹான் அக்காவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். நான் சொல்லிக்கொடுக்காமலே, தமிழில், "உக்காருங்க அத்தை" என்றாள்.